வருகை முப்பத்தொன்று

சித்தார்த்தன் நாலே முக்காலுக்கு எழுந்து மோட்டார் போடுவான். தொட்டி நிறைவதற்குள் பல் தேய்த்து, பாலை அடுப்பில் வைத்து, சட்டைக்கு இஸ்திரி போடுவான். ஐந்தரைக்கு விழுப்புரம் பேருந்து நிலையம். ஆறரைக்குத் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, ஏரிக்கரை உயர்நிலைப்பள்ளிக்கு நடந்து போய், பெரிய கூடத்துக் கரும்பலகையை மூடியிருக்கும் பச்சைத் துணியை விலக்குவான். அன்று மாணவர் எத்தனை பேர் வருவார்கள், ஆசிரியர் எத்தனை பேர் வருவார்கள் என்று அதில் எழுதியிருக்கும். எழுதுகிறவர் யாரும் கிடையாது. எண்களை நோட்டில் குறித்துக்கொண்டு, துணியை மறுபடி மூடிவிட்டு, டீ குடிக்கப் போவான்.

பள்ளி தொடங்கிய 1874இல் பொம்மையார்பாளையத்தில் கரை ஒதுங்கிய ஓர் உடைந்த படகின் பலகைகளைச் சேர்த்து, விளக்குக் கரி பூசிச் செய்த கரும்பலகை அது. முதல் வாரத்திலிருந்தே பதிவு இவ்வளவு, வருகை இவ்வளவு என்று விடியற்காலையில் காட்டத் தொடங்கியது. ஒருநாளும் தவறியதில்லை. விஷக்காய்ச்சல் வந்த வருஷம் வருகை நாளுக்குப் பத்துப் பத்தாகக் குறைந்தபோது, ஊரார் வைத்தியரிடம் போகாமல் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். எத்தனை பேர் வரமாட்டார்கள் என்று பலகை சொல்லும். யார், எதனால் என்று சொல்லாது. காய்ச்சலா கல்யாணமா என்று அவரவர் வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். அந்தக் கவலை தாங்காமல்தான் பச்சைத் துணி போட்டு மூடினார்கள். வாரத்துக்கு ஓர் ஆசிரியர் முறைவைத்துப் பார்ப்பது என்ற வழக்கமும் அப்போது வந்தது.

1921இல் ஒரு மாதம் முழுக்கப் பலகை நாலு பேரைக் கூடுதலாகக் காட்டியது. வகுப்பு வகுப்பாகத் தலையை எண்ணினார்கள், சரியாக வரவில்லை. கடைசியில் மதில் சுவருக்கு வெளியே, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்த நாலு சேரிப் பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். பலகை பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். நியாயத்துக்காக என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. நாலு பேரில் ஒருவர் சவுரிராயன். அவருடைய கொள்ளுப்பேத்தி கலையரசி அதே பள்ளிக்குக் கணக்கு ஆசிரியையாக வந்தாள். அறிவியல் ஆசிரியர் சித்தார்த்தனைக் கல்யாணமும் செய்துகொண்டாள். "எங்க பூட்டன இட்டுக்கினு வந்து உள்ள உக்கார வச்சதே இந்த போர்டுதான். அது எங்க வூட்டு ஆளு மாதிரி" என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பாள்.

பலகையில் கை வைத்தவர் ஒரே ஒருவர். 1951இல் தலைமையாசிரியர் கோகுலகிருஷ்ணன், எட்டாவது படித்த தன் மகன் மஞ்சள்காமாலையில் இறந்த பதினாறாம் நாள், 412 என்றிருந்ததை அழித்து 413 என்று எழுதினார். அன்று ஒரு பையன் கூடுதலாக வந்தான். அவருடைய மகன் இல்லை. சட்டையெல்லாம் நனைந்திருந்தது. ஊர் எது என்று கேட்டதற்குத் தெரியாது என்றான். பேர் மட்டும் பெரியசாமி. பள்ளியிலேயே தங்கி, பள்ளியிலேயே காவலாளியும் ஆனான். பிறந்த தேதி எந்தக் காகிதத்திலும் இல்லாததால் ஓய்வு பெறும் நாளைக் கணக்குப் போட ஒருவராலும் முடியவில்லை. இன்றும் வாசல் கதவை அவர்தான் திறக்கிறார்.

போன வருஷம் ஆடி மாதம், சித்தார்த்தனின் முறை வாரம். கலையரசி வழக்கம்போல ஏழரைப் பேருந்தில் வருவதாக இருந்தாள். துணியை விலக்கினான். ஆசிரியர் பதிவு 31, வருகை 30. உடற்பயிற்சி ஆசிரியர் ஆனந்தராஜ் முந்தைய நாள் அக்காள் மகளுக்குக் காது குத்து, முகையூர் போகிறேன் என்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அதுதான் என்று எடுத்துக்கொண்டான். சட்டைப்பையில் போன் இருந்தது. டீ குடிக்கப் போனான். ஒன்பது இருபதுக்கு ஆனந்தராஜின் பைக் வாசலில் வந்து நின்றது. "மச்சானுக்கும் மாமனாருக்கும் சண்டை சார், காது குத்து தள்ளிப்போச்சு" என்றபடி இறங்கினார். சித்தார்த்தன் கலையரசியின் எண்ணை அழுத்தினான். வேறு யாரோ எடுத்தார்கள். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை என்றும், எட்டு மணியிலிருந்து இந்தப் போன் அடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், பூட்டு திறக்கவில்லை என்றும் சொன்னார்கள். வயது முப்பத்திரண்டு. இதயம் என்று எழுதினார்கள்.

பிறகு பதிவு 30 ஆனது. மற்ற ஆசிரியர்கள் தங்கள் முறை வாரங்களையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தார்கள். அவன் கேட்டு வாங்கியதுதான். துணியின் ஓரத்தைப் பிடிக்கும்போது உள்ளங்கை வேர்த்துப் பச்சைச் சாயம் ஒட்டும். முப்பது என்று பார்த்தாலும் மூச்சு வராது, இருபத்தொன்பது என்று பார்த்தாலும் வராது. ஒரு பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டால் என்ன என்ற நினைப்பு மார்கழியில் வந்து உட்கார்ந்தது, போகவில்லை. பங்குனியில் பெரியசாமியிடம் கேட்டான்.

"எழுதுனா ஆளு வரும் சார். அதுல சந்தேகமே இல்ல, நானே வந்துகினு நிக்கிறனே. ஆனா நீங்க கேக்கற ஆளு வராது."

"அப்ப யாரு வருவா?"

"வர்றவங்க வருவாங்க. பெரிய ஐயா என்னப் பாத்ததும் மூஞ்சத் திருப்பிக்கினாரு. சாவற வரைக்கும் எம் பேரச் சொல்லிக் கூப்புடல. எழுதுனது அவுரு, பேஜாரு எனுக்கு."

கோடை விடுமுறை முழுவதும் சித்தார்த்தன் அதை யோசித்தான். ஜூனில் பள்ளி திறந்த மூன்றாம் நாள், கட்டைவிரலால் பூஜ்யத்தை அழித்து ஒன்று எழுதினான். ஏழு மணியிலிருந்து வாசலில் நின்றான். மேம்பாலத்துப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு சேலையையும் பார்த்தான். மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். அதற்கப்புறம் ஒரு தகரப் பெட்டியும் தாழங்குடையுமாக முப்பது வயதுப் பெண் ஒருவர் வேகவேகமாக வந்தார். பெயர் ஜெயம். முகையூர்ப் பள்ளியிலிருந்து மாற்றலாகி வருவதாகச் சொல்லி உத்தரவை நீட்டினார். அதில் தேதி 1962, ஜூன் 12.

"பஸ்ஸ வுட்டுட்டேன், கொஞ்சம் லேட்டு" என்றார்.

தலைமையாசிரியை வீரம்மாள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீல் இருக்குது, கையெழுத்து இருக்குது. எட்டாவதுக்குக் கணக்கு எடுக்க ஆளு இல்லாம நான் அல்லாடிக்கினு இருக்கேன். வந்தவங்கள லேட்டுன்னு திருப்பி அனுப்புவாங்களா?" என்று சேர்த்துக்கொண்டார். துறையின் செயலியும் பெயரை மறுக்காமல் ஏற்றது.

சித்தார்த்தனுக்கு முகம் ஒரு பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. வாசலில் பெரியசாமி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கலையரசியின் நாற்காலியை இழுத்து, கைக்குட்டையால் துடைத்தான்.

"உக்காருங்க ஜெயம் மேடம். சாப்ட்டீங்களா?"

"காலையில கேப்பைக் கூழு குடிச்சுட்டுத்தான் கெளம்பினேன் சார். இன்னும் பசிக்கல."

மறுநாள் பலகை, யாரும் தொடாமலேயே, பதிவு 31, வருகை 31 என்று காட்டியது. அவன் நோட்டில் குறித்தான், துணியை மூடினான். டீ குடிக்கப் போகவில்லை. படியில் உட்கார்ந்து ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டான். "வர்றீங்கல்ல?" என்று மட்டும் கேட்டான். "யோவ், உசுரோடதான் இருக்கேன், வச்சுத் தொலை" என்றார் ஆனந்தராஜ். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. போன் வராத நாளில் அவர்களே கூப்பிட்டு, "இன்னா சார், இன்னிக்கு நான் லிஸ்ட்டுல இல்லியா?" என்று பதறினார்கள். ஜெயத்திடம் போன் கிடையாது. அவர் தங்கியிருக்கும் மாடியைப் பார்த்துப் பெரியசாமி குரல் கொடுப்பார். இப்போது முறை வாரம் யாருடையதாக இருந்தாலும், துணியை விலக்கியவர் எல்லாரையும் அழைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். பள்ளியின் வழக்கங்களில் அது கடைசியாகச் சேர்ந்தது.

நூற்றைம்பதாம் ஆண்டு மலரில் கலையரசியின் படத்தைப் போட்டு, 'என் மாணவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதே அவருடைய கடைசி வார்த்தை என்று அச்சடித்தார்கள். வீரம்மாள் கேட்டபோது சித்தார்த்தன்தான் அப்படி எழுதிக் கொடுத்தான். அவள் இறந்த அன்று விடியற்காலை ஐந்தேகாலுக்கு அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, வாயில் பற்பசை நுரையோடு கதவோரம் வந்து நின்று அவள் சொன்னது வேறு.

"நான் இன்னிக்கு வர்றனா இல்லியான்னு போர்டுல பாத்துட்டு, ஒரு போன் பண்ணு."