அவிழ்த்த ஓலை

காலித் தண்ணீர் பாட்டில்களில் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படகில் ஏறினார்கள். இந்தோனேசியாவின் மலுக்குக் கடலில், ஊருக்கு எதிரே கிடக்கும் ஆளில்லாத் தீவுக்கு ஆண்டுதோறும் போகும் பள்ளிச் சுற்றுலா. மீன் பிடிக்கலாம், கடற்பறவைகளையும் ஆமைத் தடங்களையும் பார்க்கலாம். பிள்ளைகளின் கும்மாளம் எதுவும் வெல்மின்சே டீச்சரின் காதில் ஏறவில்லை.

எல்லாம் தலைமையாசிரியரால் வந்தது. பல வருடமாகத் தற்காலிக ஆசிரியையாகவே காலம் தள்ளிய அவளை நிரந்தரமாக்கும் சிபாரிசு அவர் கையில் இருந்தது. மதியம் கல்வி அதிகாரி தீவுக்கு வருகிறார்.

"அவருக்கு நல்ல களவா மீனா சுட்டு வைங்க. பிள்ளைங்க புடிக்கிற மாதிரி போட்டோவும் வேணும். மேற்குப் பாறைப் பக்கம் போங்க."

"அங்க சாசி போட்டிருக்கே, ஐயா."

"ஒரு நாள்ல என்ன குறைஞ்சுடப் போவுது? உங்க வேலையைப் பத்தியும் அவர்கிட்ட இன்னிக்கே பேசிடுறேன்."

தேவாலயத்தில் ஜெபம் செய்து, கம்பத்தில் தென்னங்குருத்தோலை கட்டிவிட்டால் அதுதான் சாசி. அந்த இடத்தில் யாரும் தூண்டில் போடக்கூடாது. மீன் பெருகியதும் போதகர் ஓலையை அவிழ்ப்பார், அதன்பின் கடல் எல்லாருக்கும் பொது. இந்த முறை கிறிஸ்துமஸுக்கு அவிழ்ப்பதாக ஊர் முடிவு செய்திருந்தது.

போட்டோவில் ஓலை விழுந்தால் வம்பு என்று வெல்மின்சே பயந்தாள். கம்பத்தில் ஏறித் தானே அவிழ்த்துப் படகுக்குள் மறைத்தாள். சாயங்காலம் திரும்பக் கட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

பிள்ளைகள் போட்ட தூண்டிலையெல்லாம் பயமறியாத மீன்கள் கவ்வின. அதிகாரி வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளியைப் புகழ்ந்தார். அவர் கிளம்புவதற்குள் ஊர்ப் படகுகள் வலையோடு வந்துவிட்டன.

"சாசி இன்னும் தொறக்கல. திரும்பிப் போங்க," என்றாள் வெல்மின்சே.

முன்படகில் நின்றவன் சிரித்தான். "கம்பம் மொட்டையா நிக்குதே டீச்சர். அப்ப உங்க அடுப்புல வேகறது என்ன, கத்திரிக்காயா?"

அந்த வாரத்துக்குள் பாறையைச் சுற்றிக் குஞ்சு மீன்கூட மிஞ்சவில்லை. கிறிஸ்துமஸுக்கு மீன் விற்றுத் துணி எடுக்கலாம் என்றிருந்த வீடுகளில் அழுகைதான் மிஞ்சியது. ஊர்க்கூட்டத்தில் தலைமையாசிரியர், "காத்துல ஓலை விழுந்திருக்கும்," என்றார். எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். வேலை கைக்கு வந்தது. அந்தத் தலையாட்டலுக்குக் கிடைத்த கூலி அது என்பது அவளுக்கே தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில், "சுற்றுலாவுல என்ன கத்துக்கிட்டீங்க?" என்று வழக்கம்போலக் கேட்டுவைத்தாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒக்தோவினா எழுந்தாள்.

"சட்டம் ஏழைங்களுக்கு மட்டுந்தான்னு கத்துக்கிட்டோம், டீச்சர். பெரியவங்க தங்களுக்காக ஒருநாள் அதை அவிழ்த்தா, மறுநாள் ஊரே அவிழ்த்துடும். நஷ்டம் மட்டும் எங்களுக்கு."

வெல்மின்சே கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒக்தோவினா உட்காரவில்லை.

"போன மாசம் அந்தப் பாறையில ஒரே ஒரு மீன் புடிச்சதுக்கு எங்கப்பா கோயில்ல எல்லார் முன்னாடியும் நின்னு மன்னிப்புக் கேட்டாரு. நீங்க எந்த ஞாயித்துக்கெழம நிக்கப் போறீங்க, டீச்சர்?"