மானிட்டர் நடுக்கம்

ரிப்பேர்க்கடை சம்பத் என் பழைய பெட்டி மானிட்டரை இரண்டாம் தடவையாகத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். வைத்த வேகத்திலேயே ஆள் கடுப்பில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. "அக்கா, இதுல ஒரு ஃபால்ட்டும் கிடையாது. கடையில பொழுதுக்கும் ஆன் பண்ணி ஆஃப் பண்ணிப் பார்த்துட்டேன், கல்லு மாதிரி நிக்குது. உங்க வூட்டுக்கு வந்தா மட்டும் இன்னாதான் ஆவுதோ" என்றான். என்னவோ நான்தான் அதற்குக் குளிர்ஜுரம் வரவழைத்த மாதிரி! எனக்கும் எரிச்சல்தான். சேலையூரைச் சுற்றியிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் டைப் அடித்துத் தருவது என் தொழில். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் எல்லாம் கிடுகிடுவென்று ஆடினால் எதைப் பார்த்து அடிப்பது? கொஞ்ச நேரம் ஆடும், பிறகு தானாக நின்றுவிடும். ஒவ்வொரு தடவை போடும்போதும் இதே கூத்து.

எங்கள் போர்ஷனும் பக்கத்துப் போர்ஷனும் முன்பு ஒரே வீடு. ஹவுஸ் ஓனர் துளசிங்கம் அண்ணன்தான் குறுக்கே ஒரு மெல்லிய சுவரை எழுப்பி இரண்டாக்கினார். அவர் குடும்பம் மாடியில் இருந்தது. பக்கத்துப் போர்ஷனில் அவருடைய அக்கா கனகவல்லி தனியாக இருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அப்படியும் இடது கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து மதியம் என் வீட்டுக்கு வந்துவிடுவார், நான் டைப் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஸ்பீக்கரில் வருமே ஒரு சின்ன இசை, அதென்றால் அவருக்கு உயிர். அவருக்காகவே சில நாள் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன். ரம்ஜான் முடிந்த வாரம் அவர் கதவில் பூட்டு தொங்கியது. "மதுராந்தகத்தாண்ட சொந்தக்காரங்க வூட்ல வுட்டுட்டு வந்துட்டேம்மா, அங்க நாட்டு வைத்தியம் நல்லா பாக்குறாங்க" என்றார் துளசிங்கம் அண்ணன். என்னிடம் ஒரு தலையசைப்புகூட இல்லாமல் போய்விட்டாரே என்று அழுகையாக வந்தது. வேளாவேளைக்கு யார் ஊட்டிவிடுகிறார்களோ என்று தினமும் நினைப்பேன். கேட்டால், "நல்லா கீறாங்க" என்பதற்கு மேல் அண்ணன் வாயைத் திறக்கமாட்டார். மானிட்டர் ஆட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. யார்தான் சேர்த்துப் பார்ப்பார்கள்?

சம்பத் சுவிட்சைப் போட்டான். தும்மென்று ஒரு அதிர்வோடு திரை வெளுத்தது, படம் வந்தது, ஆடாமல் நின்றது. ஸ்பீக்கரில் இசை வந்தது. அது முடிந்த கொஞ்ச நேரத்தில் படம் நடுங்கத் தொடங்கியது. "பார்த்தியா!" என்றேன் வெற்றியோடு. அவன் கேபிளை மாற்றினான், வேறு பிளக்கில் செருகினான். பிறகு மேசையோடு எதிர்ச்சுவருக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டான். அங்கே ஆடவில்லை. திரும்பக் குறுக்குச்சுவர் ஓரம் கொண்டுவந்தால் ஆடியது. "செவுத்துக்கு அந்தாண்ட இன்னாக்கா கீது? பழைய ஃபேன், ஸ்டெபிலைசர் எதுனா பக்கத்துல ஓடினா படம் இப்பிடித்தான் ஆடும்."

"பூட்டிக் கிடக்குற வீடு சம்பத். ஆளே இல்ல."

"அப்ப ஸ்பீக்கர்ல இருக்குற காந்தம்தான்" என்று அதன் வயரைப் பிடுங்கிவிட்டுப் போட்டான். படம் அசையாமல் நின்றது. அவனுக்கு வாயெல்லாம் பல். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பீக்கரைச் சமையல்கட்டு வரைக்கும் தள்ளி வைத்து, நீள வயரில் இணைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போட்டான். இசை சமையல்கட்டிலிருந்து வந்தது. படம் நடுங்கியது. சம்பத்தின் சிரிப்பு போய்விட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து எந்தக் காந்தமும் இழுக்காது என்று எனக்கே தெரியும். அணைக்காமல் அந்த இசையை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தான். போட்டால் ஆடியது. போடாவிட்டால் சும்மா இருந்தது. "அக்கா," என்றான் குரலைத் தாழ்த்தி, "இது பாட்டு கேட்டுட்டு ஆடுதுக்கா." ஸ்பீக்கரைக் கழற்றியே வைத்துவிடுங்கள், ஒரு பேஜாரும் இருக்காது என்று சொல்லிவிட்டு, பையை அள்ளிக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

தனியாக இருக்கப் பயமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை இசையைப் போட்டுவிட்டுச் சுவரில் காதை வைத்தேன். ர்ர்ர் என்று, ஃபேன் ஓடுகிற சத்தம். வாசலுக்கு ஓடினேன். மாடிப்படிக்குக் கீழே மூன்று மீட்டரும் வரிசையாக இருக்கும். பூட்டிய போர்ஷனின் மீட்டரில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாகி நின்றது. கதவில் பூட்டு அப்படியே தொங்கியது.

டயர் கடையில் இருந்த என் வீட்டுக்காரர் அயூபுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஹஃபீசா, நம்ம பேரைக் கேட்டதும் எத்தனை பேர் வீடு இல்லைன்னு கதவைச் சாத்தினாங்க? இவர் ஒருத்தர்தான் குடுத்தார். போலீஸு கீலீஸுன்னு போய் ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னா, நாளைக்கே நாம நடுத்தெருவுல நிக்கணும். ஸ்பீக்கரைக் கழட்டிட்டு வேலையைப் பாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. கழற்றினேன். படம் அப்படியே நின்றது. இத்தனை நாள் எதற்காகத் தலைகீழாக நின்றேனோ அது கிடைத்துவிட்டது, ஒரு பக்கம்கூட அடிக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் கட்டிலில் கிடந்து, எட்டுகிற ஒரே சுவிட்சான ஃபேன் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் எப்போது இசை கேட்கும் என்று காத்திருக்கிறார். அல்லது அது கனகவல்லி அக்காவே இல்லை. அந்த நினைப்பு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எழுந்தவள் விரல் முட்டியால் சுவரில் தட்டினேன்.

"அக்கா. கனகவல்லிக்கா."

திரை நடுங்கியது. நின்றது. மறுபடி தட்டினேன். நடுங்கியது, நின்றது. யா அல்லாஹ்!

"இன்னாம்மா, பொட்டி ரெடி ஆயிடுச்சா? அந்தப் புள்ள மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு போறான்?"

துளசிங்கம் அண்ணன் வாசல்படியில் நின்றிருந்தார். எப்போதும்போலச் சிரித்த முகம். ரெடி ஆகிவிட்டது அண்ணா என்று சொன்னால் போதும், போய்விடுவார். வீடும் இருக்கும், தொழிலும் நடக்கும்.

"இல்லண்ணா. ஆடிக்கிட்டேதான் இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

உள்ளே வந்தார். ஆடுகிறது என்றால் யாராக இருந்தாலும் திரையைத்தான் பார்ப்பார்கள். அவர் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கை தன்னால் இடுப்புக்குப் போய், அங்கே செருகியிருந்த சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது.

"மேசைய எடுத்து அந்தாண்ட செவுத்துல போட்டுக்கோம்மா" என்றார். "ஆடாது."

எந்தச் சுவர் ஓரம் வைத்தால் ஆடுகிறது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

"சாவியைக் குடுங்கண்ணா" என்று கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. நானும் கையை இறக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே திரையில் எழுத்துகள் ஆடி நின்றன, ஆடி நின்றன, பிறகு நிற்காமல் ஆடத் தொடங்கின.