வலைக்குள் ஒரு சாப்பாட்டுக் கடை

ஊரில் எல்லோரும் அவளைப் 'பிடி' என்றுதான் சொல்வார்கள். பிடிவாதம் என்பதன் சுருக்கம். பிடி என்றால் பெண்யானையாச்சே என்று யாராவது சீண்டினால், "இருந்துட்டுப் போகட்டும்" என்பாள்.

தேசியப் பூங்காவின் வாசலை ஒட்டிய சின்ன ஊர். விடியலில் ஜீப்பில் காட்டுக்குள் போகிறவர்கள் வெயில் ஏறியதும் பசியோடு திரும்புவார்கள். "இங்க சாப்பிட நல்ல இடம் எது?" என்று ஜீப் ஓட்டும் அவள் புருஷனைக் கேட்பார்கள். மலை இறங்கினால் டவுனில் கிடைக்கும் என்பான் அவன். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான், மூடிக்கிடந்த டயர் கடையை வாடகைக்குப் பிடித்தாள். நாத்தனாரும் கூடச் சேர்ந்துகொண்டாள். முற்றத்து மரநிழலில் மேஜை போட்டு, சுடச்சுட ரொட்டியும் முட்டையும் டீயும்.

முதல் நாளே மரத்திலிருந்து குரங்குகள் இறங்கிவிட்டன. தட்டோடு ரொட்டி போனது. ஒரு குழந்தை வீறிட்டு அலற, வந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார்கள். நாத்தனார் கரண்டியோடு துரத்த, ஒன்று அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

சாயங்காலம் பூங்காவின் ரேஞ்சர் வந்தார்.

"கடையை எடுத்துடுங்கம்மா. ருசி கண்ட குரங்கு காட்டுக்குத் திரும்பாது. ரோட்டுலயே சுத்தி, கடைசியில வண்டில அடிபட்டுச் சாகும்."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஒரு பருக்கைகூட வெளியில போகாம நடத்துனா?"

"எப்படி?"

"அது என் பாடு. விடுவீங்களா, மாட்டீங்களா?"

"செஞ்சு காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையை இழுத்து மூடியிருந்தார்கள். அங்கே கழற்றிப் போட்டிருந்த கம்பிவலையை ஜீப்பில் ஏற்றிவரச் சொன்னாள்.

புருஷன் வாயைப் பிளந்தான். "மனுஷனைக் கூண்டுல அடைச்சா சோறு போடப்போற?"

"ஆமாங்க. வண்டிய எடுங்க."

முற்றம் முழுக்க, தலைக்கு மேலேயும் வலை வந்தது. ஒன்றைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும் என்று இரட்டைக் கதவு. குப்பைத் தொட்டிக்குப் பூட்டு. வெல்டிங்காரர் வேலை முடிந்ததும், "முட்டை எப்பம்மா கிடைக்கும்?" என்று கேட்டுச் சிரித்தார். டீ கொடுத்து அனுப்பினாள்.

வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். ஜீப்பை நிறுத்துவார்கள், கோழிப்பண்ணையா என்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சமைத்ததை வீட்டார் மூவருமே சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

"அண்ணி, போதும். ஊரே சிரிக்குது" என்றாள் நாத்தனார்.

"சிரிச்சா பசிக்கும். மாவைப் பிசை."

ஆனால் அன்றைக்கு மாவை ஒரு படி குறைத்துத்தான் அளந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மரம் விழுந்து டவுனுக்கு வழி இல்லை. நனைந்த ஒரு குடும்பம் வேறு போக்கிடமின்றி உள்ளே வந்தது. அவள் வலைமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அடுப்பிலிருந்து நேராகத் தட்டில் போட்டாள். குரங்குகள் நாலு பக்கமும் வலையைப் பற்றிக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்தன.

"அப்பா, அதுங்க நம்மள வேடிக்கை பாக்குதுப்பா!" என்று அந்தக் குடும்பத்துச் சின்னப் பொண்ணு கைகொட்டியது. அந்த அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, இன்னொரு தட்டு கேட்டார். அடுத்த ஜீப்பும் நின்றது. அதற்கடுத்ததும். நாத்தனாருக்கு நிமிர நேரமில்லை.

பாதை சரியான பிறகும் கூட்டம் குறையவில்லை. ரேஞ்சர் ஒருநாள் வலையைச் சுற்றி வந்து, குனிந்து குனிந்து தரையைப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் திருப்தியில் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார்.

"ஐயா, கதவு!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேஜைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. மனிதர் அசடு வழியத் திரும்பிப்போய் வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தாராளமா நடத்துங்கம்மா" என்றார் உட்கார்ந்தபடி.

எதுவும் கிடைக்காததால் குரங்குகளும் மெல்ல மெல்ல வருவதை விட்டுவிட்டன. குரங்கு பார்க்கலாம் என்றுதானே வந்தோம் என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

"அதுங்க சாப்பிடற இடம் காட்டுக்குள்ள இருக்கு, அங்க போய்ப் பாருங்க" என்றாள். "உங்களுக்கு முட்டை ஒண்ணா, ரெண்டா?"