இருபத்து மூன்று கருணைக் கடிதங்கள்

"உங்க அண்ணன் உங்கிட்டயாவது உண்மை பேசுவானா?"

ஓரெட்டாவுக்குப் பதினாறு வயதில், கோர்ட்டு வராந்தாவில் வைத்து அரசு வக்கீல் கார்சன் ட்வைட் சிரித்துக்கொண்டே கேட்டது. அவள் தன் காலணிகளைப் பார்த்தபடி நின்றாள். அன்று மத்தியானமே அண்ணன் டெல்மருக்கு இரண்டு வருஷம் சிறை. தீவனக் கடை எரிந்த நேரத்தில் தன் சிநேகிதன் தன்னோடு சீட்டாடிக்கொண்டிருந்தான் என்று பைபிளில் கைவைத்துச் சொல்லியிருந்தான் அவன். சிநேகிதன் தீ வைக்கவில்லை என்பது பிற்பாடு தெரியவந்தது. ஆனால் அவர்கள் சீட்டாடவில்லை. சின்னப் பொய், பெரிய பொய் என்று சட்டத்தில் கிடையாது, சத்தியம் சத்தியம்தான் என்று வக்கீல் முழங்கியது பேப்பரில் வந்தது. அந்த முழக்கத்தில் ஏறித்தான் ட்வைட் வாஷிங்டனுக்கே எம்.பி.யாகப் போனார். ஓரெட்டா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை.

பதினான்கு வருஷம் கழித்து ட்வைட்டே மாட்டினார். பாலம் கட்டிய கான்ட்ராக்டரோடு போனில் பேசியதே இல்லை என்று சத்தியம் செய்திருந்தார். பேசியது பதினொரு தடவை. குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது, தண்டனைதான் பாக்கி. நீதிபதி மனமிரங்க ஊர்க்காரர்கள் கடிதம் எழுத வேண்டுமென்று ட்வைட் கட்சியின் மாவட்டத் தலைவி வெர்னா ஸ்டூப்ஸ் எல்லோரையும் சர்ச்சின் நிலவறைக்கு வரச்சொன்னாள். முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் ஓரெட்டாவைத் தேடி அவளே வந்தாள்.

"ஒன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் கண்ணு. நீ ஒண்ணு எழுதிக் குடு, நாங்க பாத்து எழுதிக்கிறோம். டெல்மர் மன்னிப்பு மனுவை எடுத்துட்டு வா, பாப்போம்."

அந்தப் "பாப்போம்" போதுமாயிருந்தது. ஸ்கூல் பஸ் ஓட்டும் வேலை ஒன்று காலியாயிருந்தது, ஆனால் சிறை போனவனுக்கு அது கிடைக்காது. கவர்னர் மன்னித்துப் பழைய குற்றத்தை அழித்தால் டெல்மர் பன்றி வெட்டும் ஆலையை விட்டு வரலாம். கவர்னர் மனுவைத் திருப்பிப் பார்க்க, வெர்னா கையெழுத்து வேண்டும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குள் மேஜை முழுக்கப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்த நூடுல்ஸ் கேசரோல், பச்சை ஜெல்லி. ஓரெட்டா எழுதினாள்: நல்ல தகப்பன். பதற்றத்தில் வாய் தவறிய ஒரு சொல். அதற்காக ஒரு மனிதனின் வாழ்நாளை அழிக்கலாகாது. வார்த்தைகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. அண்ணனுக்காக அன்று அவள் எழுதிக்கொண்டுபோய் வீடுவீடாக நீட்டியதும் இவைதான். அன்று கதவைச் சாத்திய பெண்கள் இன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்து எழுதினார்கள்.

"எதுத்தாப்ல எதிர்க்கட்சிக் கூட்டத்தப் பாத்தீங்களா?" என்றாள் எழுதிக்கொண்டிருந்த பெர்னிஸ். "பொய்ச் சத்தியம் பெருங்குற்றம்னு அட்டை. அவங்க கட்சிப் பழைய கவர்னர் மாட்டினப்போ நாம எழுதி வெச்சிருந்தோமே, அதே அட்டை! சர்ச் பழைய சாமான் விற்பனையில அம்பது சென்ட்டுக்கு வாங்கிட்டுப் போயிருக்கானுங்க."

"அப்போ அவங்க, சொந்த விஷயத்துல எவன்தான் பொய் சொல்லலேன்னு கேட்டாங்க," என்றாள் இன்னொருத்தி.

"இப்போ நாம சொல்றோம்," என்றாள் பெர்னிஸ். எல்லோரும் சிரித்தார்கள். வெர்னா சிரிக்கவில்லை. "அது வேற, இது வேற."

கடிதங்கள் இருபத்து மூன்று சேர்ந்தன. நாற்காலிகளை மடித்து அடுக்க டெல்மர் வந்திருந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். ஓரெட்டா மனுவை எடுத்து வெர்னா முன்னால் வைத்தாள்.

"அக்கா, நீங்க சொன்னீங்களே…"

வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள். பேனாவைக்கூடத் திறந்தாள். பிறகு மூடினாள்.

"ஸ்கூல் பஸ்ஸா? தங்கம், புள்ளைங்க ஏறுற வண்டி. பைபிள் மேல கைய வெச்சுப் பொய் சொன்னவன்னு தெரிஞ்சும் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? எம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவள் குரலில் நடிப்பு துளியும் இல்லை. நிஜமாகவே வருந்தினாள். ஓரெட்டாவின் கையை எடுத்துத் தடவிக்கொடுத்தாள். பெர்னிஸ் ஜெல்லிக் கிண்ணத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, இந்தக் கடுதாசி…" என்றாள் ஓரெட்டா. இருபத்து மூன்றும் வெர்னாவின் முழங்கைக்கடியில் இருந்தன.

டெல்மர் கையிலிருந்த நாற்காலியை மடித்தான். கீல் சத்தம் போடாமல், மெதுவாக. அதைச் சுவரோடு சாய்த்தான். இன்னும் நான்கு கிடந்தன, அவற்றையும் மடித்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், படியேறினான். கூரையை ஒட்டிய சின்ன ஜன்னலில் அவன் பூட்ஸ் இரண்டும் தெரிந்தன, புல்வெளியை மிதிக்காமல் நடைபாதையின் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தன.