பதினான்காம் ஆண்டில் எகிறிய கோடு

“ஒரே ஒரு கோடு போட்டு என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே, அக்கா!”

கீழ் வீட்டு ரெயின் கத்தியது மூன்றாம் மாடி வரை கேட்டது. நான் குப்பைப் பையோடு படிக்கட்டில் நின்றுவிட்டேன். பையில் குப்பை ஒன்றும் பெரிதாக இல்லை.

எங்கள் ஊரின் நடுவில் எல்லை ஓடுகிறது. இந்தப் பக்கம் எஸ்தோனியா, அந்தப் பக்கம் லாத்வியா. ரெயினின் அக்கா ஹெல்வே இந்தப் பக்கத்துச் சரக்குக் கிடங்கில் எழுத்தர். அவன் அங்கேயே சுமை இறக்குகிறான். எந்த நாட்டில் இறக்குமதி வேகமாக வளர்கிறதோ அங்கேதான் இனிக் கிடங்கு என்ற முதலாளி, இரண்டு நாட்டுக்கும் பத்து வருஷக் கணக்கை ஒப்பிட்டுப் படம் கேட்டிருந்தார். ஹெல்வே வரைந்தாள். எங்கள் கோடு நத்தையாக ஊர்ந்தது. லாத்வியாவின் கோடு 2014இல் ஒரே தாவாகத் தாவியது. கிடங்கை எல்லைக்கு அப்பால் மாற்றுவது என்று முதலாளி முடிவெடுத்துவிட்டார். லாத்விய மொழி பேசுபவர்களுக்கு மட்டும்தான் அங்கே வேலை. ரெயினுக்கு அதில் எண்ணக்கூடத் தெரியாது.

“கோட்ட நானா இழுத்தேன்? கணக்கு எப்படியோ கோடும் அப்படி” என்றாள் ஹெல்வே.

“லாத்வியாக் கணக்கக் குடுத்தது யாரு? உன் வருங்கால மாப்ள! அவரு நாடுன்னா கோடுகூட துள்ளித்தான் ஓடும்!”

மாப்பிள்ளை ட்ஸிந்தார்ஸ் சமையலறையிலிருந்து வந்தான். “நாங்க வளர்ந்தா உனக்கேன்பா வயித்தெரிச்சல்? பீர் வாங்க மட்டும் எங்க பக்கம் ஓடி வரத் தெரியுதுல்ல?”

சண்டையை விலக்கத்தான் உள்ளே போனேன். அப்படியே படத்தையும் பார்த்தேன். அந்தத் தாவல் என் கண்ணை உறுத்தியது. அந்த வருஷம் நான் லாத்வியப் பக்கத்துக் கடையில் கல்லாவில் இருந்தேன். எல்லா விலைச்சீட்டிலும் இரண்டு விலை ஒட்டி விரல் தேய்ந்தது.

“ஏன் தம்பி, 2014லதானே உங்க பழைய லாட்ஸ் காசு போயி யூரோ வந்துச்சு?”

கணக்கை எங்கிருந்து எடுத்தாய் என்று ஹெல்வே அவனைக் கேட்டாள். ட்ஸிந்தார்ஸ் பழைய வருஷங்களைத் தன் மேசையில் கிடந்த பழைய புத்தகத்திலிருந்தும், புதியவற்றைக் கணினியிலிருந்தும் எடுத்திருந்தான். பழையது லாட்ஸ், புதியது யூரோ. ஒரு லாட்ஸ் கிட்டத்தட்ட ஒன்றரை யூரோ. ஹெல்வே படத்தின் பின்பக்கத்தில் பழைய வருஷங்களை யூரோவாக மாற்றி மறுபடி வரைந்தாள். தாவலைக் காணோம். இரண்டு கோடுகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன.

“நாளைக்கே முதலாளிகிட்ட சொல்லணும்” என்றாள்.

“பைத்தியமா? தப்புப் படம் போட்டவன்னு உன்னத்தான் முதல்ல வேலையவிட்டு அனுப்புவாரு. சும்மா இரு. கிடங்கு அங்க வந்தா நீயும் அங்க வந்துடு. உனக்கு எங்க பாஷை தெரியும். நம்ம வீட்டுலருந்து நடந்தே போயிடலாம்” என்றான் ட்ஸிந்தார்ஸ்.

“இவன் என்ன பண்ணுவான்?”

“அவன் கத்துக்கட்டும்.”

இவ்வளவு நேரம் கத்திய ரெயின் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமோ என்று எனக்கே தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றுவது அபூர்வம்.

மறுநாள் அவள் சொல்லிவிட்டாள். கிடங்கு இங்கேயே நின்றது. ட்ஸிந்தார்ஸ் சொன்னபடியே அவளை அனுப்பிவிட்டார்கள்.

ஹெல்வே தார்த்து நகரத்துக்குக் குடிபோனாள், ஒரே ஒரு பெட்டியோடு. மோதிரம் அவள் விரலில் இல்லை, நான் கவனித்தேன். அடுத்த இலையுதிர் காலத்தில் ட்ஸிந்தார்ஸ் கல்யாணம் செய்துகொண்டான். பெண், எனக்குப் பிறகு அந்தக் கல்லாவில் உட்கார்ந்தவள். ரெயின் இன்னும் சுமை இறக்குகிறான். அக்கா எப்படியிருக்கிறாள் என்று படியில் கேட்டால், நல்லா இருக்கா என்பான். அவன் அவளைப் பார்க்க ஒருமுறைகூடப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.