நான்கு நாள் சும்மா இருப்பதற்கான ஒத்திகை

எத்திராஜின் கம்பெனியில் இருபது வருஷம் முடித்தவர்களுக்கு வழக்கமாகச் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். இந்த வருஷம் கடிகாரம் சப்ளை செய்கிறவரோடு ஏதோ தகராறு. அதனால் அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவில் நான்கு நாள், நான்கு பேருக்கு, விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எத்திராஜுக்குக் கடிகாரமே போதும் என்றுதான் இருந்தது. வீட்டில் சொன்னபோது பிள்ளைகள் தருணும் தர்ஷினியும் போட்ட கூச்சலில் அதை வெளியே சொல்லவில்லை.

அவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் இருக்கிறார். எந்த கேப் யாரை எங்கே எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று ரோஸ்டர் போடுகிற வேலை. சில்க் போர்டு சிக்னலில் தூறல் விழுந்தால் எத்தனை நிமிஷம் தாமதம், அதே தூறல் வெள்ளிக்கிழமை விழுந்தால் எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனைவி மங்களம் தொம்மலூர் வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். இந்தக் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது, காதுகுத்துக்குப் போயிருக்கிறது, திருப்பதியில் பதினாலு மணி நேரம் க்யூவில் நின்றிருக்கிறது. பார்ப்பதற்குச் சொந்தக்காரர்களும் கும்பிடுவதற்குச் சாமியும் இல்லாத ஒரு ஊருக்கு அது போனதே இல்லை.

தீவு விடுதியிலிருந்து நிகழ்ச்சி நிரல் வந்தது. முதல் நாள்: வருகை, லீஷர். இரண்டாம் நாள்: லீஷர். மூன்றாம் நாள்: லீஷர். நான்காம் நாள்: லீஷர், புறப்பாடு.

எத்திராஜ் அதை மூன்று தடவை படித்துவிட்டு விடுதிக்குப் போன் போட்டார். எடுத்தது பிரிஜெட் என்ற பெண். அங்கேயே பிறந்து வளர்ந்தவளாம், நல்ல தமிழ்.

"மேடம், லீஷர்னு போட்டிருக்கே, அதுல என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். சும்மா இருக்கணும்."

"சரி. எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?"

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும்தான் சார்."

"நடுவுல?"

"நடுவுலயும் சும்மாதான் சார். இங்க டிவி கிடையாது, ஆபீஸ்ல இந்த லேண்ட்லைன் தவிர நெட்வொர்க்கும் வராது. அதுக்காகத்தான் சார் எல்லாரும் வர்றாங்க."

போனை வைத்ததும் எத்திராஜ் கணக்குப் போட்டார். நான்கு நாள். தூங்குகிற நேரம் போக அறுபத்து நான்கு மணி நேரம். அவர் குடும்பத்தில் யாருக்கும் இதில் முன் அனுபவம் கிடையாது. புது டிரைவரைக்கூட இரண்டு நாள் ரூட் காட்டாமல் தனியாக வண்டி எடுக்க விடாதவர் அவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை என்று வீட்டில் அறிவித்துவிட்டார்.

பத்து மணிக்கு நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

"இப்ப என்னப்பா?" என்றான் தருண்.

"இதான்."

பத்து ஐந்துக்கு மங்களத்தின் மடியில் எங்கிருந்தோ ஒரு பிடி பூண்டு வந்திருந்தது. தான் உரிப்பதே அவளுக்குத் தெரியவில்லை. பத்து ஏழுக்குப் பிள்ளைகள் இரண்டும் நாற்காலியை யார் முதலில் நகர்த்தியது என்று அடித்துக்கொண்டன. பத்து பதினொன்றுக்கு எத்திராஜ் ஜன்னலண்டை நின்று, தெருவில் குறுக்கே நின்ற தண்ணீர் லாரிக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்மால ஆகாதுங்க," என்றாள் மங்களம். "கவரைத் திருப்பிக் குடுத்துடுங்க."

அப்போதுதான் அவருக்கு மாடிப்படி ஞாபகம் வந்தது. மேல் வீட்டில் குடியிருக்கிற சஹானா, ஹாசன் பக்கத்துக் கன்னடப் பெண், சாஃப்ட்வேரில் இருக்கிறாள். எட்டு மாதமாக அவளை எந்த புராஜெக்ட்டிலும் போடவில்லை. அவள் கம்பெனியில் அதற்கு பெஞ்ச் என்று பெயர். சம்பளம் வருகிறது, வேலை வருவதில்லை. காலையில் அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது டீ டம்ளரோடு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் திரும்பும்போதும் அதே படியில், அதே டம்ளரோடு உட்கார்ந்திருப்பாள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு சஹானா சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை நாள் டைம் இருக்கு அண்ணா?" என்று கேட்டாள்.

"அஞ்சு வாரம்."

"கஷ்டா. எனக்கே மூணு மாசம் ஆச்சு. மொதல் மாசம் பைத்தியம் மாதிரி ஜெர்மன் படிச்சேன். ரெண்டாவது மாசம் ஃபேன் துடைச்சேன். மூணாவது மாசம்தான் பயம் போச்சு." கொஞ்சம் யோசித்தாள். "சரி, நான் சொல்லித் தர்றேன். ஞாயித்துக்கெழமை சாப்பாடு மட்டும் போடுங்க."

அடுத்த ஞாயிறு வந்து முதலில் டிவிக்கு மேல் ஒரு போர்வையைப் போர்த்தினாள். தையல் மெஷினுக்கு இன்னொன்று. கடிகாரத்தைக் கழற்றி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். காற்று வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்து விட்டாள்.

"எதையாவது ஒண்ணைப் பாருங்க. ஆனா அதைப் பத்தி விசாரிக்கக் கூடாது. செவுத்துல விரிசல் இருக்கா, இருக்கட்டும். யார் பூசினாங்க, எவ்வளவு செலவாச்சு, அதெல்லாம் பேடா, வேண்டாம். சும்னே, சும்மா பாக்கணும், அஷ்டே. பேசக் கூடாது."

மூன்றாவது ஞாயிறன்று வீட்டுச் சொந்தக்காரர் வெங்கடசாமி வந்தார். மறுநாள் காவேரித் தண்ணீர் வராது என்று சொல்ல வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியையும் மெஷினையும் துணி போட்டு மூடியிருந்தது. கடிகாரம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. யாரும் அவரை வாங்க என்று சொல்லவில்லை. பேசக் கூடாது என்பது சட்டம். எத்திராஜ் மட்டும் மெல்லத் தலையசைத்தார்.

வெங்கடசாமி செருப்பைக் கழற்றினார். சத்தமில்லாமல் உள்ளே வந்து சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து யாருக்கோ மெசேஜ் அனுப்பினார். அரை மணிக்குள் பூக்காரம்மா வந்தாள், எதிர்வீட்டு நாராயணசாமியும் அவர் மனைவியும் வந்தார்கள், இஸ்திரி வண்டிக்காரர் வந்தார். எல்லோரும் தலையைக் குனிந்தபடி தரையில் உட்கார்ந்தார்கள். பூக்காரம்மா மூக்கைச் சிந்தினாள். மூலையில் இருந்த சஹானாவுக்கு ஏக சந்தோஷம். இவ்வளவு நல்ல மாணவர்கள் ஒரே நாளில் சேருவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவள் போனில் அலாரம் அடித்தது. வெங்கடசாமி எழுந்து வந்து எத்திராஜின் தோளில் கை வைத்தார்.

"யாரு எத்திராஜ் போனது?" என்று கேட்டார்.

"இன்னும் போகல சார். பத்தாந்தேதிதான் போறோம்."

"போறோம்னா?"

"நாங்க நாலு பேரும்தான் சார்."

வெங்கடசாமி தோளிலிருந்து கையை எடுத்தார். "ஏனப்பா இது! காலி பண்றதா இருந்தா மூணு மாசம் முன்னாடி சொல்லணும்னு அக்ரிமென்ட்ல இருக்குதல்லா?"

அந்தமான், விமானம், லீஷர் எல்லாவற்றையும் எத்திராஜ் விளக்கி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. செத்தது யாருமில்லை என்று தெரிந்த பிறகும் வந்தவர்கள் கிளம்பவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்ததே இல்லை என்றாள் பூக்காரம்மா. அடுத்த வாரமும் இதே நேரம்தானா என்று இஸ்திரி வண்டிக்காரர் கேட்டு வைத்துக்கொண்டார். வெங்கடசாமி மட்டும், தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமலே போய்விட்டார். மறுநாள் குளிக்கிற நடுவில் குழாய் நின்றது.

நான்காவது ஞாயிறு அந்த விஷயம் நடந்தது. எத்திராஜ் வழக்கம்போல் ஓரக்கண்ணால் மற்றவர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மங்களத்தின் பக்கம் வந்த கண் அங்கேயே நின்றது. அவள் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. பூண்டு இல்லை, ஊசி இல்லை, புடவைத் தலைப்பை முறுக்கவும் இல்லை. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அந்தக் கைகளை அவர் வேலையில்லாமல் பார்த்ததில்லை. அவை இவ்வளவு சின்னக் கைகள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அலாரம் அடித்தது. மங்களம் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணிக்குத்தான் எழுந்தாள்.

"எங்க போயிட்ட?" என்று கேட்டார்.

"எங்கயும் போகலியே," என்றாள். நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல முகம் தெளிந்திருந்தது.

அதற்குப் பிறகு மங்களத்துக்குக் கிழமைக் கணக்கே இல்லாமல் போயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வந்தால் அவள் பால்கனியில் உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிளவுஸ் வாங்க வருகிறவர்களிடம், "நாளைக்கு வாங்க," என்பாள். அதில் ஒரு வருத்தமும் இருக்காது. ஆச்சரியம் என்னவென்றால் அவர்களும் சரி என்று போனார்கள். தர்ஷினிக்கு முக்கால் மணி நேரம் வந்துவிட்டது. துறுதுறுவென்று இருக்கும் தருண்கூட அரை மணி நேரம் தாக்குப் பிடித்தான். எத்திராஜ் பதினொரு நிமிஷத்திலேயே நின்றார்.

"அண்ணா, உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டா? பேஜார் பண்ணிக்காதீங்க," என்றாள் சஹானா. "நீங்க சும்மா இருக்கறதையும் ஒரு வேலையா பண்றீங்க."

எத்திராஜுக்கு உள்ளே சுருக்கென்றது. குடும்பத்தையே தீவுக்குத் தயார் செய்துவிட்டு, தான் மட்டும் கரையில் நிற்கப் போகிறோமே என்று இருந்தது.

கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது, காலை ஏழு மணிக்கு சஹானா கதவைத் தட்டினாள். கண் சிவந்திருந்தது. கழுத்தில் ஐடி கார்டு.

"அண்ணா, புராஜெக்ட்ல போட்டுட்டாங்க. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஒன்பதரைக்குப் போகணுமாம். காலையில எழுந்தா மொதல்ல என்ன பண்ணணும்னே மறந்துபோச்சு அண்ணா. ஒரு மணி நேரமா சீப்பைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன்."

எத்திராஜ் அவளை உட்கார வைத்தார். காலண்டர் தாளைக் கிழித்தார். நாளையிலிருந்து எழுந்திருக்க ஆறே கால், குளிக்க ஆறரை, ஏழு முப்பத்தெட்டுக்கு வாசல், மழையென்றால் ஏழு இருபது, எந்த இடத்தில் நின்றால் கேப் யூ டர்ன் போடாமல் ஏற்றிக்கொள்ளும், மேம்பாலத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று எழுதிக்கொண்டே போனார். பேனா பறந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்ததாக மங்களம் பிறகு சொன்னாள்.

சஹானா அந்தத் தாளை மடித்து ஐடி கார்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டு போனாள். அன்று அரை மணி முன்னாலேயே ஆபீஸ் போய்ச் சேர்ந்தாளாம்.

அன்று மத்தியானமே பிரிஜெட்டிடமிருந்து போன் வந்தது. படகுத்துறைக்கு யார் எத்தனை மணிக்கு அழைக்க வருவார்கள் என்று இப்போது சொல்ல முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள்.

"ஏன் மேடம்?"

"அதை ஏன் சார் கேக்கறீங்க. மூணு படகு, ரெண்டு ஜீப். ஒரு பக்கம் கெஸ்ட் வெயில்ல காத்துக்கிட்டு இருப்பாங்க, இன்னொரு பக்கம் படகு காலியா நிக்கும். தினமும் இதே கூத்துதான் சார்."

எத்திராஜ் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "படகுல எத்தனை சீட்டு? கடல் தண்ணி எப்ப ஏறும், எப்ப இறங்கும்?"

ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒரு உதவி. அங்க வந்ததும் காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், உங்க ஆபீஸ்ல ஒரு ஓரமா எனக்கு ஒரு டேபிள் கிடைக்குமா? வீட்ல தெரிய வேண்டாம்."

"சார், நீங்க கெஸ்ட்!"

"தெரியும் மேடம். மூணு மணி நேரம்தான்."

அந்தப் பக்கம் மேஜையை இழுக்கிற சத்தம் கேட்டது. "டேபிள் ஆடும் சார். பரவாயில்லையா?" என்றாள் பிரிஜெட்.

ஐந்து நாள் உட்கார்ந்து ரோஸ்டரைத் தயார் செய்தார். படகுகளுக்கு நீலம், ஜீப்புகளுக்குச் சிவப்பு. பதினாறு தாள். அதைப் பெரிய பெட்டியில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைத்தார். புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மங்களம் பிள்ளைகளின் துணியை வைக்க அந்தப் பெட்டியைத் திறந்தாள். துண்டை எடுத்தாள். தாள்கள் அவள் கைக்கு வந்தன.

எத்திராஜ் கதவோரம் நின்றிருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரில் விரிசல் இருந்தது, அதைப் பார்த்தார்.

மங்களம் கட்டிலில் உட்கார்ந்து பதினாறு தாளையும் நிதானமாகப் படித்தாள். பிளவுஸ் அளவுச் சீட்டைப் படிப்பது போல விரல் வைத்துப் படித்தாள்.

"மூணாம் நாள் சாயங்காலம் இந்த நீலம் ஒண்ணு அக்கரைக்குக் காலியாத்தான போகுது?"

"ஆமா. அங்க இருக்கற கெஸ்ட்டை ஏத்திட்டு வர்றதுக்கு."

"அதுல என்னையும் பிள்ளைங்களையும் ஏத்தி விடுங்க. கடலைச் சுத்திப் பாத்த மாதிரி இருக்கும்."

எத்திராஜ் அவசரமாகப் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "மூணு சீட்டு. பிக்கப் நாலரைக்கு. ரூம் வாசல்லயே ஜீப் வந்து நிக்கும்."

மங்களம் யோசித்தாள்.

"நாலே முக்கால்னு போடுங்க," என்றாள். "நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு வர்றேன்."