தொண்ணூறாவது நாள்

அந்தக் காகிதம் எப்போதும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வரும். மறுபேச்சுப் பேச நேரம் இருக்கக் கூடாது என்று யாரோ யோசித்து வைத்த நேரம். அலுவலக உதவியாளர் அதை மேசைமேல் வைத்துவிட்டு, இதில் தன் தப்பு எதுவுமில்லை என்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பிரிச்சுப் பாக்கலியாக்கா?"

"இருபத்துமூணு தடவை படிச்சாச்சு. இன்னிக்கு மட்டும் என்ன கவிதையா எழுதியிருக்கப் போறாங்க?" என்றாள் சாவியக்கா.

குடிநீர்ப் பிரிவில் தன்னைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். சாலைக்கு அடியில் இருக்கும் வால்வைத் திருப்ப, மார்பு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதை ஒற்றைக் கையில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷம் வால்வு திருப்பினாள். பிறகு மேற்பார்வையாளர் ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடாமல், "பொறுப்பை நீங்க பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வருஷமாகப் பார்க்கிறாள். நாற்காலி மேற்பார்வையாளருடையது, திட்டு மேற்பார்வையாளருடையது, சம்பளம் மட்டும் வால்வு திருப்புகிறவருடையது.

விதி ஒன்று உண்டு. ஒரு பதவியைத் தொடர்ந்து தொண்ணூறு நாள் கவனித்தவருக்கு அந்தப் பதவியின் சம்பளம் தர வேண்டும், பதவி உயர்வுப் பட்டியலில் பெயரையும் சேர்க்க வேண்டும். நல்ல விதி. நல்ல மனசுக்காரர் யாரோ எழுதியிருக்க வேண்டும். எண்பத்தொன்பதாம் நாள் முடிந்ததும் அதைக் கத்தரிக்கலாம் என்று கண்டுபிடித்தவர் வேறு யாரோ. தொண்ணூறாவது நாள் மட்டும் சாவியக்கா பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வால்வுக் கொட்டகைக்குப் போக வேண்டும். அடுத்த நாள் காலை திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். சாயங்காலம் வரும் அந்தக் காகிதம் இதற்கான உத்தரவுதான்.

இந்தத் தடவை அவள் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உதவிப் பொறியாளர் அறைக்குள் நேராகப் போனாள்.

"ஒரே ஒரு நாள்தானேம்மா. வழக்கமான நடைமுறை" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒரு நாள்தானே சார். அதை எனக்கே குடுத்துடுங்களேன்."

"அது என் கையில இல்ல."

"மாசக் கடைசியில பட்டியல மூடுறாங்க. அதுக்கப்புறம் வெளியாளுங்கள நேரா எடுக்கப் போறாங்க. என் வயசு நாப்பத்தாறு. இப்ப விட்டா நான் வால்வு ஆளாத்தான் வீட்டுக்குப் போவேன்."

"உங்க மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா?"

"மரியாதையைக் கொண்டுபோய் மளிகைக் கடையில நீட்டினா அரிசி போட மாட்டேங்கிறான் சார்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம்.

வீட்டில் மகள் பள்ளிக்கூடத்துப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா, உன் வேலைன்னு என்ன எழுத? இன்னிக்கு மேற்பார்வையாளர். நாளைக்கு வால்வு ஆளு. நாளைக்கழிச்சு நான் குடுக்கறப்ப மறுபடியும் மேற்பார்வையாளர்."

"பென்சில்ல எழுது" என்றார் தையல் இயந்திரத்தின் முன்னாலிருந்த அப்பா. "இந்த வீட்டு மேற்பார்வைக்கு மட்டும் உங்கம்மா ஒரு நாள்கூட இடைவெளி விட்டதில்ல."

மற்ற நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். அன்று தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். கணவர் ஊசியைத் துணியில் குத்திவிட்டுத் தலையைத் திருப்பினார். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் எழுந்து போய், சத்தமில்லாமல் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்.

காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது, "இத்தனை வருஷம் பொறுமை கேட்டேன், அளவுக்கு மேலேயே கொடுத்துட்டே. போதும் கடவுளே. இனிமே நியாயத்தைக் கொடு" என்று கேட்டாள். வேண்டுதல் போல அல்ல, பாக்கியைக் கேட்பது போலவே கேட்டாள்.

பொறுப்பை ஏற்றுக்கொள்ள எப்போதும் வருகிறவர் கிடங்கு எழுத்தர். பிரிவில் அவருக்குக் கார்பன் என்று பெயர். ஒரு ரப்பர் வாஷர் வேண்டுமென்றாலும் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதுவார். வாங்குகிறவர் கையெழுத்துப் போடாமல் வாஷர் கிடங்கைவிட்டு நகராது. வாங்காதவரைக் கையெழுத்துப் போடவும் விடமாட்டார். "கார்பன் சாருக்குத் தும்மல் வந்தாக்கூட மூணு தடவைதான் வரும்" என்று கொட்டகையில் சிரிப்பார்கள். நல்ல மனிதர். முதுகுவலிக்காரர். மேற்பார்வையாளரின் இரும்பு நாற்காலியில் அவரால் அரை மணி நேரம் உட்கார முடியாது. அதனால் சாவியக்கா ஒவ்வொரு தொண்ணூறாவது நாளும் ஒரு சாக்கை நான்காக மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுப் போவாள்.

அன்று அவள் தாள் எழுதவில்லை. சாக்கை எடுத்து மூலையில் வீசினாள். கார்பன் அதைப் பார்த்தார். வெறும் இரும்பில் உட்கார்ந்தார்.

ஒன்பதே முக்கால் மணிக்குத் தொலைபேசி அடித்தது. கொட்டகையில் சாவிக்கு மசகு தடவிக்கொண்டிருந்தவள் காதில் அது விழுந்தது. ஆறு வருஷப் பழக்கத்தில் கால் தானாக எழுந்தது. அவளே அதைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கார்பன் ஓடிவந்தார். "அக்கா, ஆஸ்பத்திரி வாசல்ல பெரிய குழாய் வெடிச்சிருச்சாம். தண்ணி உள்ளயே போகுதாம்."

"அப்படியா சார். எந்த வால்வை மூடணும்?"

"அது... உங்களுக்குத்தான்..."

"நான் இன்னிக்கு வால்வு திருப்புற ஆளு. மேற்பார்வையாளர் நீங்க. உத்தரவு போடுங்க, ஓடுறேன். எழுத்துல குடுத்தா இன்னும் நல்லது. மூணு பிரதி."

கொட்டகையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். கார்பனின் முகம் சுருங்கியது. கைப்பேசியில் உதவிப் பொறியாளரை அழைத்தார். கூட்டத்தில் இருப்பதாகவும், ஏதாவது பார்த்துச் செய்யும்படியும் பதில் வந்தது. கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு அவர் சொன்னார்:

"எனக்குத் தெரியாதுக்கா. அந்த நாற்காலியில இருபத்துமூணு தடவை உக்காந்திருக்கேன். ஒரு தடவைகூட ஏதாவது தெரிஞ்சுகிட்டு உக்காரல."

சாவியக்கா அசையவில்லை. ஓடட்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஊரெல்லாம் ஓடட்டும். அந்தக் கணினித் திரைக்குள்ளும் போகட்டும். ஒரு நாள்தானே என்றாரே, ஒரு நாள் என்றால் என்னவென்று பார்க்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு இருக்கிறது. இந்நேரம் எட்டுப் பத்துப் பேர் கையில் குழாயோடு அசையாமல் படுத்திருப்பார்கள். அந்த இயந்திரத்துக்குத் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் யாருக்கும் எண்பத்தொன்பது என்ன, தொண்ணூறு என்ன? அவளுக்கு அவர்கள் ஒரு தீங்கும் செய்ததில்லை.

சாவியைத் தோளில் போட்டாள். "எழுந்திரிங்கப்பா. சார், நீங்களும் வாங்க. உக்காந்து பாத்தது போதும்."

சாலை நடுவில் தார் கிழிந்து ஆள் உயரத்துக்குத் தண்ணீர் எழும்பிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இரண்டு படி மூழ்கிவிட்டது. கூட வந்தவர்களில் ஒருவர் பக்கத்து வால்வுக்குள் சாவியை இறக்கி வலப்பக்கம் திருப்பப் போனார்.

"தொடாதே! அது மத்ததுக்கு எதிர்ப்பக்கம் மூடும். வலப்பக்கம் திருப்பினா இன்னும் திறந்துடும். இடப்பக்கம் திருப்பு. முப்பத்தெட்டுச் சுத்து. சுத்துக்கு ஒரு மூச்சு விட்டுத் திருப்பு. அவசரப்பட்டா மேல் குழாயும் சேர்ந்து வெடிக்கும்."

அதை மூடினால் ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் நிற்கும். பின்தெருவில் எல்லை வால்வு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் பக்கத்துத் தொட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் வரும். ஆனால் அதை மேற்பார்வையாளரின் எழுத்து உத்தரவு இல்லாமல் யாரும் தொடக் கூடாது. அதற்குள் தலைமைச் செவிலியர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்துவிட்டார்.

"எவ்வளவு நேரம் தண்ணி இருக்காது? எழுதிக் குடுங்க. இயந்திரங்களை நிறுத்தணுமா வேண்டாமான்னு நான் இப்பவே முடிவு பண்ணணும். யாரு இங்க பொறுப்பு?"

எல்லோரும் கார்பனைப் பார்த்தார்கள், கார்பன் சாவியக்காவைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம்" என்றாள் சாவியக்கா. "மாடித் தொட்டியில அரை மணி நேரத்துக்குத் தண்ணி இருக்கும். நிறுத்த வேண்டாம்."

கார்பன் அட்டையை நெஞ்சோடு சாய்த்து, மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கார்பன் தாள் செருகி, அவள் சொன்னதை எழுதினார். எல்லை வால்வுக்கான உத்தரவையும் அதன் கீழேயே எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை அவளிடம் நீட்டினார்.

"இன்னிக்குக் கையெழுத்து உங்களுது சார்."

"வாஷர் வாங்காதவனை நான் கையெழுத்துப் போட விட்டதில்லக்கா. வேலை பாக்காதவனை விடுவேனா? போடுங்க."

பேச நேரமில்லை. ஈரக் கையோடு போட்டாள். முதல் பிரதி செவிலியர் கைக்குப் போனது. பதினெட்டாவது நிமிஷத்தில் பின்தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் வந்தது.

மத்தியானம் பதிவேட்டில் கார்பன் எழுதியதை உதவிப் பொறியாளர் மூன்று மணிக்குப் படித்தார். கூட்டம் முடிந்திருந்தது. இன்றைய தேதியில் மேற்பார்வையாளர் பணியை முழுக்கச் செய்தவர் சாவியக்காதான் என்று அவளுடைய முழுப் பெயரோடு எழுதியிருந்தது. அடுத்த வரியில், நான் எந்த உத்தரவும் இடவில்லை, இடத் தெரியவும் இல்லை என்றிருந்தது.

"இது என்னய்யா? இந்தப் பக்கத்தை எடுத்துட்டு வேற எழுதுங்க."

"முடியாது சார். அக்கா கையெழுத்துப் போட்ட உத்தரவு ஒரு பிரதி ஆஸ்பத்திரியில இருக்கு. ஒண்ணு தலைமை அலுவலகத் தபால்ல பதிவாகி நம்பர் போட்டாச்சு."

"மூணாவது?"

"வேலை பாத்தவங்க கிட்டக் குடுத்துட்டேன்."

"பொறுப்பைத் தட்டிக் கழிச்சேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்க மேல நடவடிக்கை வரும், தெரியுதா?"

கார்பனின் பார்வை தரையில்தான் இருந்தது. "வரட்டும் சார். நடந்ததைத்தான் எழுதியிருக்கேன். நடக்காததை எழுத எனக்குப் பழக்கமில்ல."

கதவுக்கு வெளியே நின்றிருந்த சாவியக்காவுக்கு அப்போதுதான் கையிலிருந்த அந்த மூன்றாவது நீலநிறப் பிரதி என்னவென்று முழுசாகப் புரிந்தது. இன்று இடைவெளி விழவில்லை. எண்பத்தொன்பது இன்றைக்குத் தொண்ணூறாகிவிட்டது.

கார்பன் வெளியே வந்ததும் அவள் மறித்தாள். "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். "காலையில வெறும் நாற்காலியில உக்காந்தேன்க்கா. அரை மணியில முதுகு விட்டுப்போச்சு. அப்பத்தான் உறைச்சது. ஒவ்வொரு தடவையும் உங்க நாளைத்தான் நான் பறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க எனக்குச் சாக்கு மடிச்சுப் போட்டிருக்கீங்க. அது எனக்கு இத்தனை நாளா தோணவே இல்ல பாருங்க."

மறுநாள் காலை உதவிப் பொறியாளரே நேரில் வந்தார். கையில் வழக்கமான தாள்: பொறுப்பை இன்று முற்பகல் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. வழக்கம்போல."

"எதைத் திரும்ப வாங்குறேன்னு போடணும் சார்? விட்டாத்தானே வாங்கணும்?"

"நேத்து..."

"நேத்து தொண்ணூறாவது நாள். இன்னிக்குத் தொண்ணூத்தொண்ணு. பட்டியல்ல என் பேர் வரணும். இதுக்கு மேல விட்டுப்போன ஆறு வருஷத்தையும் கேப்பேன். வழக்கு போடணும்னா போடுவேன்."

"இவ்வளவு நாள் ஒழுங்காத்தானே இருந்தீங்க..."

"நான் ஒழுங்காத்தான் இருந்தேன் சார். அதுதான் உங்களுக்கு வசதியா இருந்துச்சு." மேசையில் கையை ஊன்றி எழுந்தாள். குரல் கொட்டகைவரை கேட்டது. "கார்பன் சார் மேல ஏதாவது நடவடிக்கைன்னு ஒரு காகிதம் வந்துச்சுன்னா, அதுக்குச் சாட்சி சொல்ல அந்தத் தலைமைச் செவிலியரைக் கூட்டிட்டு வருவேன். அதையும் எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொள்ளவில்லை. சிரிக்கவும் இல்லை. கையெழுத்தில்லாத தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவ்வளவு சுலபத்தில் தீருகிற கோபமும் இல்லை அது. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைக் கைப்பேசியில் அழைத்து, அந்தப் படிவத்தைப் பேனாவால் எழுதச் சொன்னாள். பிறகு மூலையில் கிடந்த சாக்கை எடுத்து நன்றாக உதறி, நான்காக மடித்துக் கிடங்குக்குக் கொண்டுபோய்க் கார்பனின் முக்காலியில் போட்டாள்.

அவர் சாக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்துத் தாளுக்கு நடுவே கார்பன் செருகினார்.

"சாக்கு, ஒண்ணு. குடுத்தவங்க கையெழுத்து இங்கக்கா."

"அடப் பாவி மனுஷா" என்றாள் சாவியக்கா. மூன்று பிரதியிலும் பதியும்படி அழுத்திப் போட்டாள்.